கடதாசி அரிசி

கடையில் எதற்கும் தட்டுப்பாடு இல்லை என்று ஒருபோதும் எழுதி ஒட்டாதீர்கள். போன கிழமை நான் சாமான் வாங்க வந்தபோது கடையில் வேலை செய்கிற உங்களில் ஒருவர் வாசல் கண்ணாடியில் அப்படி ஒன்றை ஒட்டிக்கொண்டு நின்றார். தேங்காய் எண்ணெய் போதிய அளவு இருக்கிறதாம். நான் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு உள்ளே போனேன். கை தானாகவே இரண்டு போத்தல் தேங்காய் எண்ணெயை எடுத்து வண்டிக்குள் போட்டது. வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தபோதுதான் நினைவு வந்தது, எனக்குக் கொழுப்பு என்று டொக்டர் சொன்ன நாளிலிருந்து எங்கள் குசினியில் தேங்காய் எண்ணெய் பாவிப்பதே இல்லை.

ஆகையால் இதை எழுதுகிறேன். வேலையை விட்டுப் போன பிறகும் கிழவன் புத்தி சொல்ல வந்துவிட்டான் என்று முணுமுணுக்க வேண்டாம். இது புத்திமதி அல்ல, செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனம். மன்னாரில் வளர்ந்த கத்தோலிக்கனுக்கு அது பழகிய வேலை. சுவாமியாரிடம் ஏற்கெனவே ஒரு தடவை சொல்லிவிட்டேன். அவர் பாதியில் சிரித்துவிட்டபடியால் அது செல்லுமோ செல்லாதோ என்று எனக்கு இன்னமும் சந்தேகம்.

இந்த நாட்டுக்கு வந்து பிளாக்டவுன் பக்கத்துத் தமிழ்ப் பலசரக்குக் கடைகளில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தேன். கடைசி ஒன்பது வருடமும் நீங்கள் இப்போது நிற்கிற கடையில் மேற்பார்வை. சரக்கு இறக்குவது, திகதி பார்ப்பது, கத்தரிக்காயில் ஓட்டை தேடுவது எல்லாவற்றையும் உங்களுக்கு யாராவது காட்டித் தருவார்கள். சனம் பயந்து வருகிற நேரம் என்ன முடிவு எடுப்பது என்பதை யாரும் காட்டித் தரமாட்டார்கள். அப்படிப்பட்ட முடிவுகளை ஒரே கிழமையில் வரிசையாக எடுத்தவன் நான். ஒன்றாவது சரியாக வந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான்.

கொரோனா வந்த அந்த மார்ச் மாதம் உங்களுக்கு நினைவிருக்கும். பெரிய சுப்பர்மார்க்கெட்டுகளில் ரொய்லெட் பேப்பருக்கு அடிபாடு. பெண்கள் ஒருவர் தலைமயிரை ஒருவர் பிடித்து இழுத்ததைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். எங்கள் கடையில் ஒரு சத்தமும் இல்லை. எங்கள் ஆட்கள் ரொய்லெட் பேப்பருக்குப் பதறவில்லை; ஏன் என்று நான் உங்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. அரிசி ராக்கையில் அரிசி இருந்தது. வந்தவர்கள் வழக்கம்போல வெண்டைக்காயின் நுனியை முறித்துப் பார்த்து, விலை கூடிப்போச்சு என்று புறுபுறுத்து, வாங்கிக்கொண்டு போனார்கள்.

பதறியவர் எங்கள் முதலாளி ஒருவர்தான். நல்ல மனிதர், ஆனால் உலகத்தில் யார் தும்மினாலும் அவருக்குத் தடிமன் பிடிக்கும். ஒரு வியாழக்கிழமை காலை என்னிடம் வந்து, "அண்ணை, சனம் பதறாமல் இருக்க ஏதாவது செய்யுங்கோ," என்றார்.

"ஒருத்தரும் பதறேல்லையே."

"அதுதான், பதற முன்னம் செய்யுங்கோ."

நான் ஒரு பெரிய மட்டையை எடுத்து, சிவப்பு மையால், என் கையெழுத்தில் எனக்கு இருக்கிற பெருமையெல்லாம் தெரிய எழுதினேன்: அரிசி தாராளமாக உண்டு. யாரும் பதற வேண்டாம்.

அப்போது காசு மேசையில் கௌரி என்ற பிள்ளை இருந்தாள். பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே வேலை செய்தவள், இங்கேயே பிறந்தவள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்ததை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்து முடித்தாள்.

"அங்கிள், அரிசிக்கு ஏதாவது ப்ரொப்ளமா?"

"இல்லைப் பிள்ளை. இல்லை எண்டுதான் எழுதிக்கிடக்கு."

"தென் வை ரைட் இட்?"

இருபத்திரண்டு வருடத்தில் என்னிடம் யாரும் கேட்ட கேள்விகளில் அதுதான் புத்தியான கேள்வி. நான் அந்த மட்டையை அப்போதே கிழித்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, உனக்குத் தமிழின் நயம் விளங்காது என்ற மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போய் ஒட்டினேன்.

ஒரு மணித்தியாலத்துக்குள் யாரோ அதைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். 'அரிசி', 'பதற' என்ற இரண்டு சொற்களையும் சுற்றிச் சிவப்பு வட்டம். மத்தியானம் என் மனைவி ரீற்றா கைபேசியில் கூப்பிட்டாள். "உங்கட கடையில அரிசி முடியப்போகுதாம். செபக்குழுவில போட்டிருக்கினம்." பின்னேரம் வாகனத் தரிப்பிடத்தில் இடமில்லை. சம்பா போனது, பொன்னி போனது, பாஸ்மதி போனது, இட்லி அரிசி போனது. சிவப்புப் பச்சையரிசியை அதுவரை கண்ணாலும் பார்த்திராத ஒருவர் நான்கு பொதி தூக்கிக்கொண்டு போனார்.

அரிசி முடிந்ததும் பருப்பு, பருப்பு முடிந்ததும் மா. மா முடிந்த பிறகு ஒருவர் கடைசித் தட்டில் இருந்த வெள்ளைப் பொதி ஆறையும் வாரிக்கொண்டு ஓடினார். மறுநாள் காலை கடை திறக்கும்போதே வாசலில் நின்றார்.

"அங்கிள், இந்த மா அவியுதில்லை."

அது கோலப்பொடி. நல்ல காலம், அவருடைய மனைவி புட்டுக்குழலைத் திறந்து மணம் பார்த்த கையோடு குப்பைத் தொட்டிக்குள் கொட்டிவிட்டாராம். அவர் மிச்ச ஐந்து பொதியையும் திருப்பித் தர வரவில்லை. இதோடு சேர்த்து அவிக்க வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்கத்தான் வந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை மைத்துனர் ஒருவரின் கடையிலிருந்து முதலாளி கொஞ்ச அரிசி எடுப்பித்தார். நான் அடுத்த அறிவித்தலை எழுதினேன்: ஒரு குடும்பத்துக்கு ஒரு மூட்டை மட்டும். ஒரு மூட்டையும் தேவைப்படாமல் இஞ்சி வாங்க வந்தவர்கள்கூட, ஒன்று தருகிறார்களாமே என்று வாங்கினார்கள். கணவன் ஒரு வரிசையிலும் மனைவி மற்ற வரிசையிலுமாக நின்று, ஒருவரை ஒருவர் வாழ்நாளில் கண்டதில்லை என்ற முகத்தோடு வந்தார்கள். ஒரு தாயின் இடுப்பில் இருந்த குழந்தை, பக்கத்து வரிசையில் நின்ற மனிதரைப் பார்த்து, "அப்பா!" என்று கையை நீட்டியது.

"இவ இப்ப எல்லாரையும் அப்பிடித்தான் கூப்பிடுறா," என்றார் அந்தத் தாய்.

கௌரி இரண்டு மூட்டையும் விற்றுவிட்டாள். அந்த அளவு நடிப்புக்கு ஒரு மூட்டை கொடுக்கத்தான் வேண்டும் என்று என்னிடம் பிறகு நியாயம் சொன்னாள்.

இந்தக் கூத்துக்கு நடுவில் முத்துலட்சுமி என்ற பெண் வந்து வந்து போனார். திருநெல்வேலிக்காரி, ஒரு மருத்துவமனையில் துப்புரவு வேலை. காலை ஆறு மணிக்கு வேலை தொடங்கி, மூன்று மணிக்கு முடித்து, மூன்றரைக்குக் கடைக்கு வருவார். அந்த நேரம் ராக்கையில் தூசிதான் இருக்கும். கணவர் தாயாரின் காரியத்துக்கு ஊருக்குப் போனவர், விமானங்கள் நின்றுபோய் அங்கேயே மாட்டிக்கொண்டார். வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். இளையவளுக்கு ஆறு வயது. கோதுமை உடம்புக்கு ஆகாது. ஒரு துண்டு பாண் தின்றாலும் வயிறு வீங்கி இரண்டு நாள் படுத்துவிடுவாள். பாண் இல்லாவிட்டால் பாஸ்டா, பாஸ்டா இல்லாவிட்டால் ரவை என்று மற்றவர்கள் சமாளித்தார்கள். அந்தப் பிள்ளைக்குச் சோறு, இட்லி, தோசையைத் தவிர வேறு இல்லை. கோதுமை சேராத சாமான்கள் விற்கிற தட்டுகளைப் பெரிய கடைகளில் முதல் நாளே துடைத்துவிட்டார்கள்.

"ரெண்டு நாளா உருளைக்கிழங்குதான் அவிச்சுக் குடுக்கேன் அண்ணாச்சி. மூஞ்சியத் திருப்பிக்கிடுதா. ஒரு மூட்டை எனக்குன்னு எடுத்து வெச்சிருங்களேன், நாளைக்கு வந்து வாங்கிக்கிடுதேன்."

திங்கட்கிழமை என்னிடம் அப்படிக் கேட்டார். என்னை அண்ணாச்சி என்று கூப்பிட்ட ஒரே ஆள் அவர்தான். எனக்கு அது பிடிக்கும். ஆனாலும் மேற்பார்வையாளன் இல்லையா, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்:

"ஆருக்கும் எடுத்து வைக்கிறேல்லைத் தங்கச்சி. இங்க எல்லாருக்கும் ஒரே நீதி."

அவர் தலையை ஆட்டிவிட்டு, ஒரு கிலோ உருளைக்கிழங்கை வாங்கிக்கொண்டு போனார்.

அன்றைக்குச் சாயந்தரம் முதலாளி அழாத குறை. அரிசி லொறி வியாழக்கிழமைதான் வரும். வெறும் ராக்கையைப் பார்க்கிறவர்கள் ஆத்திரத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளுகிறார்கள். இரண்டு பேர் கடைசி உளுந்துப் பொதிக்குத் தள்ளுப்பட்டு ஊறுகாய்ப் போத்தல்கள் உடைந்தன. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நிறைந்த தட்டைப் பார்த்தால் சனம் அமைதியாகும். அரிசி இல்லாவிட்டால் என்ன, தட்டு நிறைந்திருந்தால் போதுமே!

அரிசிக் கம்பனி ஒன்று சந்தைப் பை மாதிரிப் பாவிக்கட்டும் என்று அனுப்பியிருந்த வெறும் பத்துக் கிலோப் பைகள், வாயை இழுத்து மூடுகிற சிப் வைத்தவை, களஞ்சிய அறையில் கட்டுக் கட்டாகக் கிடந்தன. வாசலில் இலவசமாக வைக்கிற தமிழ்ப் பத்திரிகைகள் மாதக்கணக்கில் யாரும் தொடாமல் மூலையில் குவிந்திருந்தன. நானும் முதலாளியும் கௌரியும் செவ்வாய்க்கிழமை விடியவே வந்து பத்திரிகைகளைக் கசக்கிக் கசக்கிப் பைகளுக்குள் அடைத்தோம். மரண அறிவித்தல், கல்யாண வாழ்த்து, தலையங்கம் என்று எல்லாம் உள்ளே போயின. அந்தப் பத்திரிகை அவ்வளவு முழுமையாகப் பயன்பட்டது அன்றைக்குத்தான். ஐம்பது மூட்டைக்கு மேல் வந்தது.

"ஆர் யூ சீரியஸ், அங்கிள்?" என்று கௌரி நான்கைந்து தடவை கேட்டாள். நான் அவளுக்கு நயம் சொல்லிக்கொடுக்கிற நிலையில் இல்லை.

முதலாளி மைத்துனரிடம் கெஞ்சி இன்னும் ஆறு மூட்டை உண்மையான அரிசி கொண்டுவந்திருந்தார். முன்வரிசையில் ஐந்தை வைத்தேன். மேலேயும் பின்னேயும் கடதாசி மூட்டைகள். ஆறாவது மூட்டைக்கு என்ன நடந்தது என்று பிறகு சொல்கிறேன்.

நம்புவீர்களோ தெரியாது, திட்டம் பலித்தது. கதவைத் திறந்ததும் பாய்ந்து வந்த சனம் ராக்கையைக் கண்டு சட்டென்று நின்றது. நிறைந்த தட்டு. ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "கிடக்குத்தானே, பிறகு எடுப்பம்," என்று ஒருவர் சொல்ல, மற்றவர்களும் தோளைத் தளர்த்திக்கொண்டு மரக்கறிப் பக்கம் போனார்கள். வெண்டைக்காய் நுனி முறிகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்கு அவ்வளவு சந்தோசம். ஒருவர் ராக்கையைப் படம் பிடித்து, எல்லாம் இருக்கிறது, வதந்தியை நம்பாதீர்கள் என்று வட்ஸ்அப்பில் போட்டார். மத்தியானம் வரை உண்மை மூட்டைகளில் இரண்டுதான் விற்றன. முதலாளி தன்னுடைய யோசனை என்று எல்லோரிடமும் சொல்லத் தொடங்கியிருந்தார்.

நான் ராக்கையின் பக்கத்திலேயே காவல் நின்றேன். மத்தியானத்துக்குப் பிறகு தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் வந்தார், கம்பியூட்டர் வேலை செய்கிறவர். அவருடைய பார்வை மேல்தட்டுக்குப் போவதைக் கண்டதும் முந்திக்கொண்டேன்.

"வியாழக்கிழமை புது அரிசி வருது தம்பி. இது பழசு. பொறுத்து வாங்குங்கோ."

இருபது வருடமாகத் தமிழ்நாட்டு ஆட்களுக்கு அரிசி விற்றவன், அவர்கள் பழைய அரிசி என்றால் உயிரை விடுவார்கள் என்பதை எப்படி மறந்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் முகம் மலர்ந்தது.

"பழசா? எத்தனை மாசம் சார்?"

"ஒரு வருசத்துக்கு மேல," என்றேன், பயமுறுத்துகிறதாக நினைத்துக்கொண்டு.

"அடடே! பழைய அரிசின்னாதான் சார் சாதம் உதிரி உதிரியா வரும். எங்க வீட்டம்மா புது அரிசின்னா தொடவே மாட்டாங்க."

"வண்டு விழுந்திட்டுது."

"பின்னே? மருந்து அடிக்கலைன்னு அர்த்தம். ஆர்கானிக் சார் இது!"

மேல்தட்டுக்கு நீண்ட கையை நான் பாய்ந்து பிடிக்காத குறையாகத் திருப்பி, முன்வரிசையில் இருந்த உண்மை மூட்டை ஒன்றை மார்போடு சேர்த்துக் கொடுத்தேன். அவர் போகிற வழியிலேயே நண்பர்களுக்குப் போன் அடித்தார். அரை மணித்தியாலத்தில் இரண்டு பேர் வந்து, மருந்து அடிக்காத பழைய அரிசி எங்கே என்று கேட்டு, மிச்ச இரண்டையும் கொண்டுபோனார்கள்.

அதற்குப் பிறகு அந்த ராக்கையில் ஒரு மணி அரிசி இல்லை. ஆனால் ஐம்பது மூட்டை அழகாக அடுக்கியிருந்தது. வியாழக்கிழமை வரை இதைக் கட்டிக் காக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன். மணி மூன்றரை. முத்துலட்சுமி உள்ளே வந்துகொண்டிருந்தார்.

ராக்கையைக் கண்டதும் அவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது.

"அண்ணாச்சி! வந்துட்டா!"

நான் இரண்டு அடி வைக்கும் முன்னம் அவர் ஓடிப்போய் ஒரு மூட்டையின் இரண்டு காதையும் பிடித்து, பத்துக் கிலோவுக்குத் தேவையான பலத்தை முழுதாகப் போட்டு இழுத்தார். மூட்டை தலைக்கு மேலே பறந்தது. அவர் பின்னால் தடுமாறி, பப்படப் பெட்டிகளில் சாய்ந்து நின்றார்.

காசு மேசைக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். சிலர் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார்கள். முத்துலட்சுமி மூட்டையை நெஞ்சோடு வைத்து ஒரு தடவை அமுக்கினார். கடதாசி சரசரத்தது. அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்; அவர் முகத்தில் இருந்தது வெறும் ஏமாற்றம். அவர் வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னால் போதும், கடை உடைந்துவிடும்.

அவர் வரிசையைப் பார்த்தார். பிறகு மூட்டையை மெதுவாக நிலத்தில் இறக்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "யம்மாடி, என்ன கனம்! அண்ணாச்சி, இந்தப் பக்கம் ஒரு கை பிடிங்க."

நான் பிடித்தேன். பத்திரிகை அடைத்த பையை இரண்டு பேர் ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கி, மூச்சு வாங்க, முழங்கால் மடிய, மசாலாத் தட்டுகளுக்கு நடுவால் நடந்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே முனகினேன் போலிருக்கிறது. வரிசையில் நின்ற திடமான மனிதர் ஒருவர் இரக்கப்பட்டு முன்னால் வந்தார்.

"விடுங்கோ ஐயா, இந்த வயசில... நான் தூக்கிறன்."

அவருடைய கை பைக்கு ஒரு சாண் தூரத்தில் வந்துவிட்டது.

"தள்ளி நில்லுங்க சார்! ஒன்றரை மீட்டர்!" என்று முத்துலட்சுமி அதட்டினார். "நான் ஆஸ்பத்திரில வேலை பாக்கேன்!"

வரிசை முழுதும் ஒரே பாய்ச்சலில் பின்னால் போனது. அந்த மனிதர் கையைத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். முத்துலட்சுமியின் முகம் ஒரு கணம் வாடியதைக் கண்டேன். இவர்களில் ஒருவர் நோயாகிப் படுத்தால் அந்த அறையின் தரையைத் துடைக்கிறவர் அவர். எனக்கு அந்த இடத்தில் அழுகை வந்தது. ஆனால் பாரம் தூக்கிக்கொண்டிருப்பதாகப் பெயர், அழ முடியவில்லை.

கௌரி எங்களைப் பார்த்தாள், மூட்டையைப் பார்த்தாள், முகத்தில் ஒரு சுருக்கமும் விழாமல் ஸ்கான் பண்ணிக் காசு வாங்கினாள். பழக்கதோசத்தில், "கார் வரைக்கும் ஹெல்ப் வேணுமா அன்ரி?" என்றும் கேட்டாள்.

வெளியே அவருடைய பழைய நீலக் காரின் பக்கத்தில் மூட்டையை வைத்தோம். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இப்பச் சொல்லுங்க அண்ணாச்சி. இதுக்கு எத்தனை விசில் வைக்கணும்?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். லொறி வியாழன் வரும் என்பதையும், வெறும் ராக்கையைக் கண்டு சனம் மோதியதையும், காலையில் இருந்து கடை எவ்வளவு அமைதியாக இருந்தது என்பதையும். அவர் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்:

"நீங்க செஞ்சது தப்புன்னு சொல்லலை. எல்லாரும் சும்மா பாத்துட்டுப் போறாங்க, அதுவும் நல்லதுதான். ஆனா நிசமாவே வீட்டுல இல்லாத ஒருத்தி வந்து கையை வெச்சா, அவளுக்கு என்னத்தக் குடுக்கதுன்னு யோசிச்சீங்களா?"

யோசிக்கவில்லை. அதாவது, எனக்காக மட்டும் யோசித்திருந்தேன். நான் மூன்று கார் தள்ளி நின்ற என்னுடைய காருக்குப் போய்ப் பின்பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஆறாவது மூட்டை இருந்தது. காலையில் கடதாசி அடைக்கும்போதே அதைக் கொண்டுபோய் வைத்திருந்தேன்.

"உங்களுக்கெண்டுதான் எடுத்து வச்சனான்," என்றேன். வெட்கம் கெட்ட வாய், அந்த நேரத்திலும் பொய் சொன்னது.

"நேத்துக் கேட்டப்போ யாருக்கும் எடுத்து வைக்கதில்லைன்னு சொன்னீங்களே."

அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். என் வீட்டுக் கராஜில் நத்தாருக்கு வைக்கிற மாட்டுத்தொழுவக் குடில் சாமான்களுக்குப் பின்னால் இன்னும் நான்கு மூட்டை இருந்தது. அதில் முதல் இரண்டையும் நான் கொண்டுபோனது, பதற வேண்டாம் என்று சிவப்பு மையால் எழுதுவதற்கு முதல் நாள். அந்தக் கிழமை பிளாக்டவுனிலேயே முதன்முதலில் பதறியவன் நான்தான்.

"வீட்டில இன்னும் கிடக்குத் தங்கச்சி," என்று மட்டும் சொன்னேன். "பின்னேரம் ஒண்டு ரெண்டு கொண்டுவந்து தாறன்."

"ஒண்ணு போதும். புள்ளைக ரெண்டுதான்." உண்மை மூட்டையைத் தானே தூக்கித் தன் காருக்குள் வைத்தார். அது கனத்தது, அவர் முகத்தில் அந்தக் கனம் எவ்வளவு சந்தோசமாகத் தெரிந்தது தெரியுமா! "எங்கூட வேலை பாக்கிறவங்கள்ல ரெண்டு மூணு பேரு வீட்டுல சுத்தமா இல்லை. அவங்க மூணு மணிக்கு மேல வருவாங்க. முடிஞ்சா அவங்களுக்குக் குடுங்க." என் கைபேசி இலக்கத்தை வாங்கிக்கொண்டு காரில் ஏறப் போனவர் திரும்பி, நிலத்தில் கிடந்த கடதாசி மூட்டையைக் காட்டினார். "இதை எடுத்துட்டுப் போய் இருந்த இடத்துலயே வைங்க அண்ணாச்சி. அடுக்குல ஓட்டை தெரியும்."

இளையவர்களே, நெருக்கடி நேரத்தில் சனத்தை ஏமாற்றலாமா கூடாதா என்று நீங்கள் என்னிடம் கேட்டால் எனக்கு இன்றைக்கும் தெளிவான பதில் இல்லை. அந்தக் கடதாசி மூட்டைகளால் இரண்டு நாள் ஒருவரும் அடிபடவில்லை. ஆனால் ஒன்று சொல்வேன். சத்தம் போடுகிறவர்களைச் சமாளிப்பதிலேயே நம்முடைய மூளை முழுவதும் போய்விடுகிறது. சத்தம் போடாமல், வேலை முடிந்து, எல்லோருக்கும் பிறகு வருகிற ஆளுக்கு என்ன வைத்திருக்கிறோம் என்று முதலில் பாருங்கள். அதோடு, உங்கள் காரின் பின்பெட்டியையும் ஒரு தடவை திறந்து பாருங்கள்.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போய், உடுப்புக்கூட மாற்றாமல், கராஜில் இருந்த நான்கு மூட்டையையும் இழுத்துக் காரில் ஏற்றத் தொடங்கினேன். ரீற்றா குசினிக் கதவில் வந்து நின்றாள்.

"விசரே உங்களுக்கு? ஊரெல்லாம் அரிசி இல்லாமல் திரியுது, நீங்கள் இருக்கிறதையும் கொண்டுபோறியள்?"

அந்த நேரம் கைபேசி அடித்தது. முத்துலட்சுமி ஒரு படம் அனுப்பியிருந்தார். இரண்டு பெண் பிள்ளைகள் தரையில் சம்மணம் கட்டி இருந்தார்கள். தட்டில் வெள்ளைச் சோறு, மேலே ரசம். சின்னவளின் கன்னத்திலும் மூக்கிலும் பருக்கை. கமெராவைப் பார்க்கக்கூட அவளுக்கு நேரம் இல்லை. கீழே ஒரு வரி: பேப்பர் நல்லா வெந்துச்சு அண்ணாச்சி.

நான் படத்தை ரீற்றாவிடம் நீட்டி, யார் அந்தப் பிள்ளைகள் என்று சொன்னேன். என்ன செய்தேன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவள் கைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். ஏசத் தொடங்கப் போகிறாள் என்று நினைத்து நான் மூன்றாவது மூட்டையைத் தூக்கினேன்.

வீட்டுக்குள் ஏதோ இழுபடுகிற சத்தம் கேட்டது. விருந்தினர் அறைக் கட்டிலுக்குக் கீழேயிருந்து, எனக்குத் தெரியாத ஒரு மூட்டை அரிசியை ரீற்றா நடைபாதை வழியே இழுத்துக்கொண்டு வந்தாள். அதை என் காலடியில் விட்டுவிட்டு, முகத்தைப் பார்க்காமல், அடுத்ததை எடுக்கத் திரும்பிப் போனாள்.